மறு: தோல் வேலையில் 'கேசிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கைவினைக் கையேட்டின் சொற்பட்டியலுக்காக மூன்று நாளாக ஓடும் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். அச்சு வைத்துத் தட்டிப் பூ எழுப்புவதற்கு முன் தோலை நனைத்து, ஏற்ற ஈரத்துக்குக் கொண்டுவருவதுதான் கேசிங். இதுவரை உறையிடல், நனைப்பு, ஈரமூட்டல், பதப்படுத்தல் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் தொழில்காரன் இல்லை. ஆறேழு வருடமாக வீட்டு மாடியில் பெல்ட்டும் பர்சும் செய்து பார்ப்பவன், அவ்வளவுதான். இருந்தாலும் இந்தச் சொல்லில் கொஞ்சம் அடிபட்டிருப்பதால் எழுதுகிறேன்.

> கேஸ் என்றால் உறை. ஆகவே கேசிங் = உறையிடல்.

நனைத்த தோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ராத்திரி முழுக்க மூடி வைப்பதால் இது பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் இதே கைவினையில் கத்திக்கு உறை தைக்கிறோம், கண்ணாடிக்கு உறை தைக்கிறோம். 'முதலில் தோலை உறையிடவும்' என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் ஊசி நூலைத் தேடுவார்.

> ஈரமூட்டல் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. ஈரமூட்டுவது இதில் முதல் ஐந்து நிமிட வேலை. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் பிழிந்து தோலின் இரண்டு பக்கமும் துடைக்கிறோம். தோல் கறுத்துக் கனக்கும். பையில் போட்டு வைத்தால் மேலே நின்ற ஈரம் மெல்ல உள்ளே இறங்கி நார் முழுக்கச் சமமாகப் பரவும். காலையில் எடுத்து மேசையில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேல்பக்கம் வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும். தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும். கன்னத்தில் வைத்தால் மட்டும் சில்லென்று இருக்கும். அச்சை வைத்துத் தட்ட வேண்டிய நேரம் அதுதான். தட்டிய இடம் ஆழமாகப் பதிந்து, சாயம் எதுவும் போடாமலேயே தேன் நிறத்தில் கறுத்து நிற்கும். ஆக, இதில் பாதி வேலை ஈரத்தைப் போக்குவது. அதற்கு ஈரமூட்டல் என்று பெயர் வைப்பது, சோறு வடிப்பதற்கு உலையேற்றல் என்று பெயர் வைப்பது போல.

என் முதல் பெல்ட்டில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. சொதசொதவென்று இருக்கும்போதே தட்டினேன். அச்சைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. பூவின் இதழ் பதிந்த மாதிரி இருந்து, மத்தியானத்துக்குள் உப்பி மேலே வந்துவிட்டது. போதாததற்கு அடியில் பழைய இரும்புத் தகடு. மறுநாள் பார்த்தால் பெல்ட் நெடுக நீலக் கறுப்புத் திட்டு. பட்டைச்சாற்றில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கும். ஈரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் ஆட்கள் மை காய்ச்சினார்களே, அதே கூத்துதான். எலுமிச்சைச் சாறு தேய்த்ததில் கொஞ்சம் மங்கியது. இதையே வேண்டுமென்று செய்கிறவர்களும் உண்டு: வினிகரில் இரும்புத் துருவலை ஊறப்போட்டுப் பூசினால் தோல் கன்னங்கரேலென்று ஆகிவிடும், தனியாகச் சாயம் வேண்டாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பதம். உழவர் மண்ணை ஒரு பிடி பிடித்துப் பார்த்துப் பதம் சொல்கிறார். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும் அம்மா, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டிப் பார்க்கிறாள். இரண்டு இடத்திலும் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த வேலைக்குப் பொருள் தயாரா, இல்லையா. கேசிங்கும் அதுவேதான்.

> பதப்படுத்தல் என்றே வைத்துவிடலாமே?

இங்கேதான் இடிக்கிறது. தோல் தொழிலில் 'பதம்' ஏற்கெனவே குடியேறிவிட்டது. பச்சைத் தோலை அழுகாத தோலாக மாற்றுவது பதனிடுதல். அறம்–அறன், நலம்–நலன் போலப் பதம்–பதன். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக ஈ.ஐ., என்று சந்தையில் பெயர் வாங்கியது. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவு ஆழமாக வேர் பிடித்த சொல்லுக்குப் பக்கத்தில் 'பதப்படுத்தல்' என்று இன்னொன்றை நட்டால் புதிதாகக் கற்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். 'பதனிட்ட தோலைப் பதப்படுத்தவும்' என்று எழுதிப் பாருங்கள். ஊறுகாய், மீன், மாம்பழச்சாறு எல்லாம் வேறு இந்தச் சொல்லில் வரிசை கட்டி நிற்கின்றன. ஈரப்பதமும் கையை விட்டுப் போய்விட்டது. அது வானிலை அறிக்கையின் சொத்து.

அதனால் பதத்தை வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடை போடலாம். கம்பிப் பதம், தக்காளிப் பதம், உருட்டுப் பதம் என்று அடுப்படி செய்வது இதைத்தான்.

எந்த அடை? முதலில் 'உளிப்பதம்' என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் உளி வெட்டும். இந்த வேலையில் வெட்டு ரொம்பக் குறைவு. சுழல் கத்தியால் கோட்டை மட்டும் தோலின் பாதிக் கனத்துக்கும் குறைவாகக் கீறுகிறோம். மற்றதெல்லாம் அமுக்குவதுதான். பூவைச் சுற்றியுள்ள இடத்தை அமுக்கினால் பூ எழும்பி நிற்பது போலத் தெரியும். இப்படித் தோலில் பூ எழுப்பும் 'டூலிங்'குக்கு நம் பட்டியலில் உள்ள 'தோல் செதுக்கல்' தவறு என்று நான் நினைப்பதும் இதனால்தான். செதுக்கினால் சில்லு விழ வேண்டும். இங்கே ஒரு துணுக்குகூட விழுவதில்லை.

தட்டியும் அமுக்கியும் பூ எழுப்பும் வேலைக்குப் பொற்கொல்லர்களிடம் பெயர் இருக்கிறது: நகாசு வேலை. அதைத் தோலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். டூலிங் = நகாசு. நகாசுக்கு ஏற்ற ஈரநிலை = நகாசுப் பதம். அந்த நிலைக்குக் கொண்டுவரும் செயல் = பதம் வைத்தல். 'ராத்திரி பதம் வைத்துவிட்டுப் படு, காலையில் தட்டலாம்.' வாயில் உட்காருகிறதா இல்லையா?

நகாசு தமிழ் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்று ஒருவர் சொல்லப் போகிறார். தெரியும். பட்டறையில் புழங்குகிறது, எனக்கு அது போதும்.

மற்ற சொற்கள் பற்றி இரண்டு வரி. 'பர்னிஷிங்'குக்கு மெருகு; ஓரத்தை மரக்கட்டையால் சூடேறத் தேய்த்து நாரைப் படிய வைப்பதற்கு ஓர மெருகு. சாயம் பிடிக்காமலிருக்கப் பூசும் 'ரெசிஸ்ட்' சாயத்தடுப்பு. 'ஆன்டிக்'கை மட்டும் பழமைச்சாயம் என்று போட வேண்டாம். அந்தக் களிம்பைப் பூசித் துடைத்தால் மேட்டில் போய்விடும், பள்ளத்தில் தங்கும். செய்கிற வேலையைப் பார்த்தால் அது பள்ளச்சாயம். கடைசியாகப் பூசும் 'ஃபினிஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் எண்ணெய், தேன்மெழுகு, அக்ரிலிக் பூச்சு எல்லாம் அடைந்து கிடப்பதால் அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

- - -

அண்ணாவுக்கு வணக்கம்.

பதம் வைத்தல் அருமை, ஏற்கிறேன். நகாசுப் பதத்தில் ஒரு சந்தேகம். நான் பூ தட்டுவதில்லை. கத்தி உறை மட்டும் செய்கிறேன். தோலைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுத்து, கத்தியின் மேல் போர்த்தி விரலால் அழுத்தி வடிவம் பிடிக்க வைப்பேன். (கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுவேன், உங்கள் நீலத் திட்டுக் கதைதான் காரணம்.) இதில் நகாசே கிடையாது. ஈரமும் உங்களுடையதைவிட எவ்வளவோ அதிகம். இதற்கும் நகாசுப் பதம் என்றா சொல்வது?

இன்னொன்று. அடுப்படிப் பெயர்களைக் கவனித்தால், அதிரசப் பதம் என்று சொல்வதைவிடத் தக்காளிப் பதம் என்றுதான் சொல்கிறார்கள். செய்யப்போகும் பண்டத்தை விட்டுவிட்டு, சோதனையில் கண்ணுக்குத் தெரிவதைப் பெயராக்குகிறார்கள். அந்தக் கணக்கில் உங்களுடையது 'கன்னப் பதம்' ஆக வேண்டாமா?

- - -

தம்பி,

மடக்கிவிட்டாய். கன்னப் பதம் எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம்தான், அந்தச் சோதனையை எழுதியதே நான். நகாசுப் பதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கன்னப் பதம் என்றே இருக்கட்டும். கையேட்டில் அது முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது.

உன் கத்தி உறைக்கு 'ஊறுபதம்' என்று வைக்கலாமா? ஊறிய, ஊறுகிற, ஊறும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். அல்லது உன் வழியிலேயே போய்க் 'குமிழிப் பதம்' என்றாலும் எனக்குச் சம்மதம். குமிழி நின்றால் பதம். எதுவென்று நீயே சொல், தினமும் முக்கி எடுப்பவன் நீதானே. டூலிங்குக்கு நகாசு என்பதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

பட்டியலை ஞாயிற்றுக்கிழமை திருத்துகிறேன். அதற்குள் வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.