அவங்க கூப்பிடற கமிட்டில போய் உக்காரலாமா, வேண்டாமா?

கதிர்_வேர்:
வணக்கம். ஒரு விஷயத்துல எங்க குடியிருப்போர் குழு ரெண்டா பிரிஞ்சு நிக்குது, இங்க இந்த மாதிரி வேலைல பல வருஷம் இருந்தவங்க இருக்கீங்கன்னுதான் கேக்கறேன். எங்க வீடுங்களை ஒட்டி ராத்திரி பகலா கனரக லாரி ஓடுது, ஜன்னல் திறக்க முடியாது, காலைல துடைச்ச மேஜைல சாயங்காலம் விரலால பேர் எழுதலாம், சின்னப் பசங்க பாதிப் பேருக்கு இளைப்பு. மூணு வருஷமா மனு குடுத்து, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, ரோட்டோரம் நின்னு கோஷம் போட்டு எல்லாம் பண்ணியாச்சு. இப்ப திடீர்னு உள்ளாட்சி, அந்த லாரிங்களை ஓட்டற கம்பெனிங்க, ஒரு ஆஸ்பத்திரி எல்லாம் சேந்து "ஆரோக்கிய சமூகக் கூட்டமைப்பு"ன்னு ஆரம்பிக்கறாங்க, எங்களுக்கும் ரெண்டு இடம் தர்றாங்களாம். சந்தோஷமாதான் இருந்துச்சு, ஒப்பந்தத்தைப் படிக்கற வரைக்கும். அதுல ஒரு வரி இருக்கு: "உறுப்பினர்கள் கூட்டமைப்பின் முடிவுகளுக்கு மாறான கருத்துகளைப் பொதுவெளியில் தெரிவித்தல் ஆகாது." கையெழுத்து போடலாமா?

செங்காந்தள்:
போடாதீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கமிட்டியே. மூணு வருஷமா உங்களைக் கண்டுக்காதவங்களுக்கு இப்ப ஏன் உங்க மேல பாசம் வந்துச்சு? நீங்க சத்தம் போட்டது உறைச்சிருக்கு, அதான். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா 1969ல மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியா வரைஞ்சு காட்டினாங்க. அடிப்படில இருக்கறது மக்களை ஏமாத்தி தலையாட்ட வைக்கறது, நாலாவது படி சும்மா கருத்து கேக்கறது, கூட்டாளி ஆகறதே ஆறாவது படிலதான் வருது, ஏன்னா அங்கதான் முடிவெடுக்கற அதிகாரம் கொஞ்சமாச்சும் கை மாறுது. உங்களுக்குக் குடுக்கறது நாலாவது படி கூட இல்ல தம்பி, பேர் மட்டும் ஆறாவது படியோடது.

வேலப்பன்_ஓய்வு:
நான் முப்பது வருஷம் அரசு வேலைல இருந்து ஓய்வு பெற்றவன், மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவன்ங்கறதால சொல்றேன். கோஷம் போட்டா ஃபைல் மேல வரும், அது உண்மை, ஆனா மேல வந்த ஃபைல்ல என்ன எழுதணும்னு தீர்மானம் ஆகும்போது ரோட்டுல நிக்கறவங்க யாரும் ரூம்ல இருக்க மாட்டாங்க. லாரிக்கு மாத்து வழி போடணுமா, நேரக் கட்டுப்பாடு வைக்கணுமா, தார் ரோட்டை தண்ணி தெளிச்சு பெருக்கணுமா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு துறை, ஒரு பட்ஜெட் தலைப்பு. அதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னா உள்ள போய்தான் ஆகணும். செங்காந்தள் அம்மா சொல்ற மாதிரி எல்லாத்தையும் சந்தேகத்தோட பாத்தா எந்த வேலையும் நடக்காது. 1986ல கனடா நாட்டு ஒட்டாவால உலக சுகாதார நிறுவனம் நடத்தின ஆரோக்கிய மேம்பாட்டு மாநாட்டுச் சாசனத்துல மூணு வேலை சொல்லியிருக்கு, மக்களுக்காகக் குரல் குடுக்கறது, மக்களுக்குத் திறன் குடுக்கறது, வேற வேற தரப்புக்கு நடுவுல பேசி முடிக்கறது. மூணாவதை விட்டுட்டு முதலாவதை மட்டும் புடிச்சுகிட்டு தொங்கக் கூடாது.

செங்காந்தள்:
சார், சாசனம் நானும் படிச்சிருக்கேன். நடுவுல பேசறதுன்னா ரெண்டு பக்கமும் வாய் இருக்கணும் சார், ஒரு பக்கத்து வாயைக் கட்டிப்போட்டுட்டு என்ன பேச்சு? அமெரிக்காவுல ஃப்ளின்ட்ங்கற ஊர் கதை எல்லாருக்கும் தெரியும். 2014 ஏப்ரல்ல செலவு மிச்சம்னு தண்ணிய ஆத்துக்கு மாத்தினாங்க, அந்தத் தண்ணி பைப்பை அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடல, ஈயம் கரைஞ்சு குடிதண்ணில வந்துச்சு. அப்ப அந்த ஊரை நடத்தினது மாநில அரசு நியமிச்ச அதிகாரி, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க கையில ஒண்ணுமில்ல. ஜனங்க பழுப்புத் தண்ணிய பாட்டில்ல புடிச்சுகிட்டு கூட்டத்துக்குக் கூட்டம் தூக்கிக் காட்டினாங்க, பாதுகாப்பானதுதான்னு பதில் வந்துச்சு. அவங்க எல்லாம் "மாறான கருத்து சொல்ல மாட்டேன்"னு கையெழுத்து போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

நர்ஸ்_தேவி:
ஃப்ளின்ட்ல முழுக்கதையும் சொல்லணும் அக்கா, பாட்டிலைத் தூக்கிக் காட்டினது மட்டும் ஜெயிக்கல. லீஆன் வால்டர்ஸ்னு ஒரு தாய் விடாம கேட்டுகிட்டே இருந்தாங்க, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்து மார்க் எட்வர்ட்ஸ் குழு கை கோத்தாங்க, தண்ணி புடிச்சு சோதனைக்கு அனுப்ப 300 சாம்பிள் கிட் ஊருக்குள்ள குடுத்து 250க்கு மேல திரும்பி வந்துச்சு. வீடு வீடா போய், குழாயை எப்ப திறக்கணும், எந்த பாட்டில்ல முதல்ல புடிக்கணும்னு சொல்லிக் குடுத்து வாங்கினது அந்த ஊர் ஜனங்களேதான். அப்பறம் மோனா ஹன்னா-அட்டீஷாங்கற குழந்தை டாக்டர் பசங்க ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குன்னு ஆஸ்பத்திரி கணக்கை வெச்சு காட்டினாங்க. 2015 அக்டோபர்ல பழைய தண்ணிக்கே மாத்தினாங்க. இதுவும் கூட்டுதான். ஆனா யாரோட கூட்டு? தெரிஞ்சவங்களோட, தப்பு பண்ணினவங்களோட இல்ல. கதிர் தம்பி, கமிட்டில சேர்றதா வேண்டாமாங்கறதுக்கு முன்னாடி, தூசியை அளக்கத் தெரிஞ்ச ஒரு காலேஜ் வாத்தியாரோ டாக்டரோ உங்க பக்கம் இருக்காங்களான்னு பாருங்க.

வேலப்பன்_ஓய்வு:
இதை நான் முழுசா ஒத்துக்கறேன். கணக்கு கையில இல்லாம கூட்டத்துக்கு வர்றவங்களை நாங்களே எத்தனை தடவை "பரிசீலிக்கிறோம்"னு சொல்லி அனுப்பியிருக்கோம், இப்ப நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

மணல்வீடு:
எல்லாரும் தூசியைப் பத்தி மட்டும் பேசறீங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு லாரி நின்னு, மரம் நட்டு, நடைபாதை போட்டு அந்த இடம் நல்லாயிடுச்சுன்னு வைங்க, வாடகை ஏறுமா ஏறாதா? அங்க இப்ப தூசியைத் தின்னுகிட்டு இருக்கற வாடகைக் குடும்பங்கதான் முதல்ல வெளிய போகும். சுத்தமான காத்து அடுத்து வர்றவனுக்கு. இதைத்தான் நான் வருஷக்கணக்கா கத்திகிட்டு இருக்கேன், சமத்துவம்ங்கறதைக் கடைசிப் பக்கத்துல ஒட்டற கூட்டமைப்பு எல்லாம் வீட்டுக்காரங்க சங்கம்தான்.

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல டட்லி ஸ்ட்ரீட்னு ஒரு பகுதி, வீடுங்களைக் கொளுத்திட்டு போய் குப்பை கொட்டற காலி மனையா கிடந்த இடம். 1984ல ஒரு அறக்கட்டளையும் தொண்டு நிறுவனங்களும் நல்ல எண்ணத்தோடதான் திட்டம் போட்டு வந்தாங்க. ஆனா நிர்வாகக் குழுல அங்க வாழறவங்களுக்கு ரொம்பக் கொஞ்ச இடம்தான். கூட்டத்துலயே ஜனங்க எந்திரிச்சு, உங்கள்ல எத்தனை பேர் இங்க குடியிருக்கீங்கன்னு கேட்டுட்டாங்க. அதுக்கப்பறம் குழுவையே மாத்தி, குடியிருக்கறவங்களுக்குப் பெரும்பான்மை குடுத்தாங்க. 1988ல காலி மனைங்களைக் கையகப்படுத்தற அதிகாரமே நகராட்சிகிட்ட இருந்து அவங்களுக்குக் கிடைச்சுது, நிலத்தை ஒரு பொது அறக்கட்டளை பேர்ல வெச்சு, 99 வருஷக் குத்தகைக்கு வீடு குடுத்தாங்க, வீட்டை விக்கலாம், ஆனா விலையை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. பாருங்க, அந்த ஜனங்க கமிட்டியை வேண்டாம்னும் சொல்லல, குடுத்த ரெண்டு நாற்காலில போய் சும்மாவும் உக்காரல.

செங்காந்தள்:
அது நடந்தது ஏன்னா அறக்கட்டளைக்காரங்க இறங்கி வந்தாங்க. அவங்களுக்கு அங்க லாபம் ஒண்ணும் இல்ல. கதிர் விஷயத்துல எதிர்ல உக்காந்திருக்கறது லாரி ஓட்டி சம்பாதிக்கற கம்பெனி. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை 2005ல அமலுக்கு வந்துச்சு, அதுல 5.3னு ஒரு பிரிவு, பொது சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலோட வணிக நலன்கள்கிட்ட இருந்து காப்பாத்தணும்னு நேரடியாவே சொல்லுது. எதுக்கு அப்படி எழுதினாங்க? பல வருஷம் கூட்டு, ஆலோசனைன்னு போய் பட்ட அனுபவம்தான். எல்லார்கூடவும் கூட்டு வெச்சுக்க முடியாது.

வேலப்பன்_ஓய்வு:
அம்மா, சிகரெட்டும் லாரியும் ஒண்ணா? சிகரெட் விக்கறவனோட லாபமே நோய்லதான் இருக்கு. லாரிக்காரருக்கு உங்க குழந்தைக்கு இளைப்பு வர்றதுல லாபம் கிடையாது, மாத்து வழில டீசல் கூட ஆகுமேன்னுதான் கவலை. அவர்கிட்ட பேசலாம். பேசித்தான் ஆகணும், லாரில வர்ற சாமான்தான் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு.

இன்னொரு உதாரணம் சொல்றேன். கராச்சில ஒராங்கினு பெரிய குடிசைப் பகுதி, 1980ல அக்தர் ஹமீத் கான்ங்கற சமூக சேவகர் அங்க ஒரு அமைப்பு வெச்சு வேலை ஆரம்பிச்சார். ஒரு சந்துக்கு இருபது முப்பது வீடு, அந்த சந்து ஜனங்களே காசு போட்டு, அளவு எடுத்து, சாக்கடைக் குழாய் பதிச்சாங்க. ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டுக்கு அப்படி நடந்துச்சு. ஆனா அந்த சந்துக் குழாய் எல்லாம் போய் சேர்ற பெரிய வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் ஜனங்களால முடியாது, அது அரசாங்க வேலைன்னு தெளிவா கோடு கிழிச்சாங்க. எதை நாம பண்ணலாம், எதை அவங்க பண்ணியே ஆகணும்ங்கற அந்தக் கோடுதான் என்னைப் பொறுத்தவரை கூட்டு.

மணல்வீடு:
சார் நல்ல உதாரணம், ஆனா அதே அமைப்புல நிலம், தண்ணி விஷயத்துல ஆக்கிரமிப்புகளை வரைபடம் போட்டு வெளிய கொண்டுவந்த பர்வீன் ரஹ்மானை 2013ல சுட்டுக் கொன்னாங்க. குழாய் பதிக்கற வரைக்கும் எல்லாருக்கும் நல்லவங்க. யார் நிலம், யார் தண்ணினு கேட்டதும் கதை மாறிடுது. அதனால "பேசலாம் பேசலாம்"னு லேசா சொல்லாதீங்க.

வேலப்பன்_ஓய்வு:
லேசா சொல்லல ஐயா. அவங்களைப் பத்தி தெரிஞ்சுதான் சொல்றேன்.

நர்ஸ்_தேவி:
கொஞ்சம் என் வேலைப் பக்கத்துல இருந்து சொல்றேன். கூட்டம் போட்டா போதும்னு நினைக்கறவங்களும் கூட்டமே வீண்னு நினைக்கறவங்களும் இதைப் பாக்கணும். நேபாளத்துல மக்வான்பூர் மாவட்டத்துல பெண்கள் குழுக்களை மாசா மாசம் கூட்டி, பிரசவத்துல என்ன பிரச்சினை, நாமளே என்ன பண்ணலாம்னு பேச வெச்சாங்க. ஆய்வு 2004ல வந்துச்சு. குழு இருந்த இடத்துல பிறந்த ஒரு மாசத்துக்குள்ள இறந்த குழந்தைங்க ஆயிரத்துக்கு 26.2, இல்லாத இடத்துல 36.9. டாக்டர் சொல்லிக் குடுத்த பாடம் இல்ல, அந்தப் பெண்களே பேசி முடிவெடுத்தது. ஆனா அதே முறையை பங்களாதேஷ்ல பண்ணினப்ப 2010ல வந்த ஆய்வுல பலன் இல்ல. ஏன்னா ஜனத்தொகைக்கு குழுக்கள் ரொம்பக் கம்மி. குழுக்களை அதிகமாக்கி மறுபடி பண்ணினப்ப இறப்பு குறைஞ்சுது. ஏழு ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, கர்ப்பிணிங்கள்ல குறைஞ்சது 30 சதவீதம் பேர் குழுவுக்கு வந்த இடங்கள்லதான் நல்ல பலன் தெரிஞ்சுது.

நான் ஒரு சுகாதாரக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், செவ்வாக்கிழமை காலை பதினோரு மணிக்கு. குடியிருப்புல இருந்து வந்தவங்க மூணே பேர், மூணு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆம்பளைங்க. கூலி வேலைக்குப் போற பொம்பளை யாரு பதினோரு மணிக்கு வருவா? குறிப்பேட்டுல "பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதி முடிச்சாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. தம்பி, உங்களுக்குக் குடுக்கற ரெண்டு இடத்துல யாரை உக்கார வைக்கப் போறீங்க? இளைப்பு வந்த குழந்தையோட அம்மா ஒருத்தராவது இருக்கணும், அவங்க வர்ற நேரத்துல கூட்டம் இருக்கணும், கூடவே குழந்தையை வெச்சுக்க ஒரு ஆள்.

கதிர்_வேர்:
அக்கா நீங்க கேட்டது சுரீர்னு பட்டுச்சு, நாங்க நினைச்சிருந்த ரெண்டு பேரும் ஆம்பளைங்கதான், அதுல ஒருத்தன் நான். எங்க சந்துலயே ஒரு அக்கா இருக்காங்க, குழந்தைக்கு எந்தெந்த ராத்திரி இளைப்பு வந்துச்சுன்னு காலண்டர்ல சிவப்புப் பேனால சுழிச்சு சுழிச்சு வெச்சிருக்காங்க, அன்னிக்கு எத்தனை லாரி போச்சுன்னு அவங்க பையன் பக்கத்துலயே கோடு போட்டிருக்கான். ரெண்டு வருஷக் காலண்டர். நாங்க மூணு வருஷம் மனு எழுதினோம், அந்தக் காலண்டரை ஒரு தடவை கூட இணைக்கல.

நர்ஸ்_தேவி:
அதைப் பத்திரமா போட்டோ எடுத்து வைங்க முதல்ல. ரெண்டு மூணு பேர் போன்ல இருக்கட்டும்.

செங்காந்தள்:
காலண்டரோட போறதுன்னா நான் கூட போங்கன்னு சொல்லுவேன். ஆனா அந்த வரி இருக்கற வரைக்கும் கையெழுத்து வேண்டாம், இதுல நான் மாறல. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரில 1989ல மக்களே பட்ஜெட் போடற முறை வந்துச்சு, உலகம் முழுக்க காப்பி அடிச்சாங்க, 2017ல அந்த ஊர் நகராட்சியே அதை நிறுத்தி வெச்சிடுச்சு. ஆளுங்கட்சி மாறினா மேஜையைத் தூக்கிட்டு போயிடுவாங்க சார். அப்ப வெளிய நின்னு கேக்கற வாய் நமக்கு மிச்சம் இருக்கணும்.

வேலப்பன்_ஓய்வு:
சரி, அந்த வரியைப் பத்தி நானும் யோசிச்சேன். இப்படி ஒரு நிபந்தனை அரசு ஊழியனுக்கு நடத்தை விதில இருக்கும், குடிமக்கள் குழுவுக்கு எதுக்கு? எடுக்கச் சொல்லுங்க. எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல வாங்குங்க. ஆனா எடுக்க மாட்டோம்னா கூட கூட்டத்தை விட்டுடாதீங்க, பார்வையாளரா போய் உக்காருங்க, நிகழ்ச்சி நிரலும் குறிப்பும் நகல் கேளுங்க. இதுல நானும் அம்மாவும் ஒத்துப்போக மாட்டோம், பரவால்ல.

மணல்வீடு:
வாடகைக்காரங்களை வெளியேத்தக் கூடாதுங்கறதையும் அந்தக் கடிதத்துலயே சேருங்க. ரோடு நல்லான பிறகு கேட்டா யாரும் காது குடுக்க மாட்டாங்க.

கதிர்_வேர்:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். கடிதம் குடுத்தோம், நாலு விஷயம் கேட்டோம். கூட்டம் ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு மாறியாச்சு. தூசி அளக்கற கருவியோட கணக்கு எங்களுக்கும் அன்னன்னிக்கே வரும்னு எழுதிக் குடுத்திருக்காங்க, ஒரு காலேஜ் வாத்தியார் அதைப் படிச்சு சொல்ல ஒத்துகிட்டாரு. வாடகை விஷயம் "இக்குழுவின் வரம்புக்குள் வராது"ன்னு பதில். அந்த வரியை எடுக்க மாட்டாங்களாம், அதனால கையெழுத்து போடல. பார்வையாளரா போறோம், அந்த அக்காவும் வர்றாங்க, குழந்தையை என் தங்கச்சி பாத்துக்கறா.

மணல்வீடு:
வரம்புக்குள்ள வராதுன்னு சொன்ன அந்தக் கடிதத்தோட தேதி, எண் ரெண்டையும் குறிச்சு வைங்க. எந்த ஆபீஸ் வரம்புல வரும்னு கேட்டு அடுத்த மனு நாம எழுதுவோம், நான் எழுதித் தர்றேன்.

செங்காந்தள்:
ஞாயித்துக்கிழமை நாங்களும் இருபது பேர் வெளிய நிக்கறோம் தம்பி. உள்ள அந்த அம்மா பேசும்போது வெளிய ஆள் இருக்குன்னு தெரியட்டும்.