நாற்காலிகள் நாயுடையவையா? தமிழில் எப்படிச் சொல்வது?

கொண்டை ஊசி:
தபால் துறையில் ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் நாகர்கோவில். 2008இல் தானி பூன் இயக்கிய பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தை மகன் போட்டுக் காட்டினான். தெற்கில் இருக்கும் தபால் அதிகாரி, கடற்கரை ஊருக்கு மாற்றல் வாங்கப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார். தண்டனையாக வடகோடியில் உள்ள பெர்க் என்ற சிற்றூருக்கு அனுப்புகிறார்கள். துருவத்துக்குப் போவதுபோல் கனத்த கோட்டு மாட்டிக் கிளம்புகிறார்.

எனக்கு 1991 ஞாபகம் வந்துவிட்டது. ஏற்காட்டுக்கு மாற்றல் என்றதும் அம்மா இரண்டு ஸ்வெட்டரும் ஒரு டின் தேங்காய் எண்ணெயும் கட்டிக் கொடுத்தார். மலைப்பாதையின் 20 வளைவும் முடிவதற்குள் ஸ்வெட்டர்கள் எண்ணெய் குடித்துவிட்டன. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கார அம்மாவிடம், "கொஞ்சம் வெள்ளம் தருவீர்களா?" என்றேன். எங்கள் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பேச்சு. அவர் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்.

படத்திலும் இப்படி ஓர் இடம். அந்த வட்டாரத்தில் 'ஸ' என்பது 'ஷ' ஆகிவிடும். காலி வீட்டைக் காட்டி, "சாமான்கள் முன்பிருந்தவருடையவை" என்று உள்ளூர்க்காரர் சொல்வது அதிகாரி காதில் "நாய்களுடையவை" என்று விழுகிறது; பிரெஞ்சில் 'ஸியென்' என்றால் அவருடையவை, 'ஷியென்' என்றால் நாய்கள். சப்டைட்டிலில் நாய் மட்டும்தான் வந்தது. "எந்த நாய்?" என்கிறாள் என் மனைவி. தமிழில் இதை எப்படி எழுதலாம்?

செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, ழகரத்தைப் பிடியுங்கள். "சாமானெல்லாம் ஒழிந்தது" என்பதை உள்ளூர்க்காரர் "ஒளிந்தது" என்று உச்சரிக்கட்டும். அதிகாரி கதவுக்குப் பின்னால் மேசையைத் தேடுவார்.

அம்மாபேட்டைத் தறி:
சேலத்துக்காரர்களுக்கு ழகரம் வராது என்று யார் சொன்னது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சௌராஷ்டிரம், அடுத்த வீட்டில் கன்னடம், எதிரே தெலுங்கு. தமிழை அக்கறையாகத்தான் பேசுகிறோம். வேண்டுமானால் 'ங்க'வை வைத்துச் சிரியுங்கள். பால்காரர் எருமையைக்கூட "நகருங்க" என்பார்.

கொண்டை ஊசி:
தறிக்காரரே, கோபம் வேண்டாம். "நாஞ்சில் நாட்டில் ழகரம் திருத்தமாக வரும்" என்று என் மனைவியும் கொடி பிடிக்கிறாள். 'ஒளிந்தது' எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், எண்ணெய் ஸ்வெட்டரோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பேன்.