அடிபம்பு: காலையில் கை வலிக்க அடித்தால்தான் தண்ணீர் வருகிறது

ஆற்காட்டுக்காரன் கேட்டது:
எங்கள் தெருவில் இருப்பது இந்தியா மார்க் 2 அடிபம்பு. கொஞ்ச நாளாகக் காலையில் கை வலிக்க அடித்த பிறகுதான் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. வந்துவிட்டால் நன்றாகவே வருகிறது. பைப்பை எல்லாம் உருவாமல் சரிசெய்ய வழி உண்டா?

பட்டாளத்து மெக்கானிக்:
தம்பி, வந்தபின் நன்றாக வருகிறது என்றால் பிஸ்டனில் மாட்டியிருக்கும் பக்கெட் வாஷர் மேல் குற்றமில்லை. அது தேய்ந்திருந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் குறைச்சலாகத்தான் வரும். ராத்திரி பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. பைப்பின் அடியில், பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் அடி வால்வு ரப்பர் போயிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஜாயின்ட் ஒழுகுகிறது. மார்க் 2-இல் பைப்பு ஒன்றேகால் அங்குலம், பிஸ்டனும் அடி வால்வும் அதன் வழியே வராது. உருவித்தான் ஆக வேண்டும். மார்க் 3 என்றால் இரண்டரை அங்குலம், ராடோடு பிஸ்டனை இழுத்துவிடலாம்.

நான் பட்டாளத்தில் வண்டி, டாங்கி பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்தவன். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் ஷக்கர்கர் பக்கம் சென்சூரியன் டாங்கிகளுக்கு வேலை பார்த்தோம். கண்ணிவெடியில் செயின் அறுந்து நிற்கும் டாங்கிக்கு, விளக்கே போடாமல், பின்னைக் கையால் தடவித் தடவிக் கோர்ப்போம். இருட்டில் ஒரு நட்டு உருண்டு போனால் அவ்வளவுதான். இன்றும் கழற்றுவதை வரிசையாகத் துணியில்தான் வைப்பேன். பென்ஷனுக்கு அப்புறம் காட்பாடியில் டீசல் எஞ்சின் பட்டறை. அதைப் பையனிடம் விட்டபின் அடிபம்புதான். கூலி வேண்டாம். ஆனால் ஸ்பேனர் பிடிக்க உங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் வேண்டும், வேடிக்கை பார்க்க அல்ல.

கணியம்பாடி செல்வி:
அண்ணா, மெக்கானிக் ஐயாவைத் தைரியமாகக் கூப்பிடுங்கள். எங்கள் ஊரில், தண்ணீர் எடுப்பவர்கள்தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெண்களை வேலையில் இறக்கினார். போன கோடையில் வாஷரை நாங்களே மாற்றினோம், ஐயா திண்ணையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார். திட்டு நிறைய விழும், சொல்லிவிட்டேன்.

ஆற்காட்டுக்காரன்:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் தயார். சாப்பாடாவது எங்கள் வீட்டில்தான்.

பட்டாளத்து மெக்கானிக்:
சரி, சாப்பாட்டுக்கு மறுப்பில்லை. பைப்பைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் என்னிடம் இருக்கிறது. அதை மாட்டாமல் யாரும் பைப்பைத் தொடக்கூடாது, நழுவி உள்ளே விழுந்தால் போர்வெல்லே வீண். பிளீச்சிங் பவுடர் வாங்கி வையுங்கள், மூடும் முன் கரைத்து ஊற்ற வேண்டும். எல்லாரும் ஷூ போட்டு வாருங்கள். செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.