வீட்டுக்கு மாத்திரை வருகிறது, டோஸை யார் மாற்றுவது?

காவிரிக்கரை:
என் அப்பாவுக்கு வயது 71, பி.பி., சுகர் இரண்டும் உண்டு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் இரண்டு வருடமாக பி.பி.க்கு அதே அம்லோடிபின், சுகருக்கு அதே மெட்பார்மின். போன மாதம் கால் வீங்கியது என்று தனியாரிடம் கூட்டிப்போனால் பி.பி. 180, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.1, அதுவும் அதிகம். இந்த இரண்டு வருடத்தில் ஒரு டாக்டர்கூட அவரைப் பார்க்கவில்லை. மாத்திரை வந்துகொண்டே இருந்ததால் வைத்தியம் நடக்கிறது என்று நாங்களும் நம்பிவிட்டோம். 2022 டிசம்பரில் திருச்சி பக்கம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளி என்று விழா எடுத்தார்களே, அந்த ஒரு கோடியில் எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் வந்தது? அதைச் சொல்ல வேண்டாமா?

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:
தம்பி, அப்பாவுக்கு இப்படி ஆனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 2021 ஆகஸ்டில் இது தொடங்குவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் பேசக்கூடாது. நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் நான் ஒருத்தி. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரசவம் முடிந்தவர்களைப் போய்ப் பார்ப்பது, இதற்கே நாள் போதாது. சுகர்காரர்களைத் தேடிப்போக ஆளே கிடையாது. அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள், இரண்டு மாதம் போவார்கள், மூன்றாவது மாதம் நின்றுவிடுவார்கள். அப்புறம் பக்கவாதத்தில்தான் பார்ப்போம். கணக்கு கேட்டீர்களே, இருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் பி.பி., சுகர் போன்ற நோய்களுக்காக எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் பி.பி. உள்ளவர்களில் 7.3 சதவீதம், சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. 2023-24இல் திரும்ப எடுத்தபோது பி.பி. 17, சுகர் 16.7. மூன்று நான்கு வருடத்தில் பி.பி. கட்டுப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இது சும்மா வந்ததா?

காவிரிக்கரை:
ஏறியதை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் 17 என்றால் மீதி 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. அந்த 83இல் ஒருவர் என் அப்பா, அவரோ மாத்திரையை ஒரு வேளைகூட விடாதவர். சாப்பிடாதவரைச் சாப்பிட வைப்பது ஒரு வேலை, சாப்பிட்டும் குறையாதவருக்கு மருந்தை மாற்றுவது வேறு வேலை. இரண்டாவது வேலைக்கு இந்தத் திட்டத்தில் யார் பொறுப்பு?

தாமிரபரணி_மகள்:
எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அம்மா மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. பிசியோ செய்ய ஒருவர் வருகிறார், புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வருகிறார், காசு வாங்குவதில்லை. அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் வைத்து ஜி.எச்.சுக்குக் கொண்டுபோய் வந்த நாட்கள் எனக்குத்தான் தெரியும். இந்தத் திட்டம் தண்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

காவிரிக்கரை:
தண்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. படுக்கையில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். என் அப்பா நடமாடுகிறவர். டீக்கடைக்கு நடந்து போகிறவரை டாக்டரிடம் போக வேண்டாம் என்று பழக்கிவிட்டோமோ என்பதுதான் என் பயம்.

தன்னார்வலர்_செல்வி:
அண்ணா, நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன், மகளிர் குழுவிலிருந்து வந்தவள். பி.பி. பார்ப்பேன், சுகர் பார்ப்பேன், எழுதுவேன், மாத்திரை கொடுப்பேன். மாத்திரையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல்வேன். "மாத்திரதான் நீ தர்றியே, அப்புறம் எதுக்கு அங்க போவணும்" என்பார்கள். ஒரு தாத்தாவுக்கு 190 இருந்தது, கெஞ்சிப் பார்த்தும் வரவில்லை, கடைசியில் என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி நானே கூட்டிப்போனேன். எல்லாரையும் அப்படிக் கூட்டிப்போக முடியுமா? எங்களுக்கு வருவது சம்பளம்கூட இல்லை, ஊக்கத்தொகை. திட்டத்தைத் திட்டும்போது அது கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து விழுகிறது.

மலையடிவார_டாக்டர்:
நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காவிரிக்கரை கேட்பது சரியான கேள்வி. மருந்துக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை, 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்கிலிருந்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய தொகைக்குள் பாஸ்புக் கணக்கில் எடுக்கிற முறை நன்றாகவே ஓடுகிறது. பஞ்சம் டாக்டரின் நேரத்துக்குத்தான். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி, காலை ஓ.பி.யில் காய்ச்சல், நாய்க்கடி, கர்ப்பிணிகள் எல்லாம் சேர்ந்து நிற்கும்போது நேரில் வராத ஒருவரின் டோஸைப் பற்றி யோசிக்க ஆள் இல்லை. உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்று. கால் வீக்கம் அம்லோடிபினாலும் வரலாம், ஆனால் கிரியேட்டினின் 2.1 என்றால் இந்த வயதில் மெட்பார்மினைக் குறைத்தே ஆக வேண்டும், இன்னும் ஏறினால் நிறுத்த வேண்டும். இதைத் தன்னார்வலரால் கண்டுபிடிக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும் பார்த்திருக்க வேண்டும். 2023இல் சிறுநீரகம் காக்கும் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான், ஆனால் அதுவும் நிலையத்துக்கு வருகிறவருக்குத்தான் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:
டாக்டர் சார், அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னால் மறுபடியும் 7.3க்குத்தான் போவோம்.

மலையடிவார_டாக்டர்:
நிறுத்தச் சொல்லவில்லை அம்மா. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடமாடும் மருத்துவ வண்டி இருக்கிறது, அதில் டாக்டர் உண்டு, லேப் ஆளும் உண்டு. வண்டி வரும் நாளும் செல்வி மாத்திரை கொடுக்கும் நாளும் தனித்தனியாக ஓடுகின்றன. அளவு ஏறியவர்கள் பட்டியலைச் செல்வி கையில் வைத்திருந்து, அன்றைக்கு அவர்களை மட்டும் வண்டிக்கு முன்னால் உட்கார வைத்தால் போதும்.

காவிரிக்கரை:
நேற்று ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம் அப்பாவின் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். எட்டு மாதமாக 162, 170, 168 என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டை வாங்கிப் பார்க்க மேலே ஒருவரும் இல்லை. எனக்கு அந்த அக்கா மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, மேலே இருப்பவர்கள் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை. திட்டத்துக்கு உலக அளவில் விருது கிடைத்தது சரி, எட்டு மாதம் ஏறியே இருந்த ஒரு எண்ணை யார் பார்க்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா?

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:
பார்த்திருக்க வேண்டியது என்னைப் போல மேலே இருக்கிறவர்கள்தான் தம்பி. அதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் எட்டு மாதம் எழுதி வைக்க ஒரு ஆள் வந்ததே இந்தத் திட்டத்தால்தான், அதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தன்னார்வலர்_செல்வி:
டாக்டர் சார், எங்கள் ஊருக்கு வண்டி இரண்டாவது செவ்வாய் வருகிறது. என் நோட்டில் 160க்கு மேல் இருப்பவர்கள் இருபத்திரண்டு பேர். அவ்வளவு பேரையும் ஒரே நாளில் பார்ப்பார்களா, இல்லை பாதிப் பேரை அடுத்த மாதத்துக்கு வைக்கட்டுமா?

மலையடிவார_டாக்டர்:
எல்லாரையும் கூட்டி வாருங்கள். 180க்கு மேல் இருப்பவர்களைச் செவ்வாய் வரை வைக்க வேண்டாம், நாளைக்கே நிலையத்துக்கு அனுப்புங்கள். மற்றவர்களை வரும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.