ஈஸ்ட் தொற்றுக்குத் தயிரும் பூண்டும் போதுமா?

மலர்விழி:
மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாகப் பிறப்புறுப்பில் அரிப்பு, திரிந்த பால் போல வெள்ளைப்படுதல். போன முறை ஒரே ஒரு புளூகோனசோல் 150 மி.கி. மாத்திரையில் அடங்கியது. திரும்ப வந்துவிட்டதால் மாத்திரையே வேண்டாம் என்று இனிப்பை நிறுத்திவிட்டுத் தயிர் சாப்பிடுகிறேன். இரவில் பூண்டுப் பல்லை உள்ளே வைக்கச் சொல்கிறாள் தோழி. வைக்கலாமா?

நிலா:
தயவுசெய்து வேண்டாம். பூண்டிலுள்ள அல்லிசின் என்ற பொருள் கேண்டிடாவை, அதாவது இந்தத் தொற்றைத் தரும் ஈஸ்ட்டை, கொல்வது ஆய்வகத் தட்டில். ஏற்கெனவே புண்ணாக இருக்கும் இடத்தில் பச்சைப் பூண்டு பட்டால் வெந்துபோகும்.

தென்றல்:
பூண்டு வேண்டாம், சரி. ஆனால் உணவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சர்க்கரை நோய். ரத்தச் சர்க்கரை ஏறும்போதெல்லாம் அரிப்பு வரும், சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் வராது. இது என் உடம்பில் நான் கண்டது.

நிலா:
உங்களுக்கு அது முழுக்க உண்மை. சர்க்கரை நோய் இல்லாதவர் இனிப்பை நிறுத்தினால் வந்த தொற்று ஆறிவிடும் என்பதற்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை. தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாவும் பிறப்புறுப்பைக் காக்கும் லாக்டோபாசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் பெரும்பாலும் வேறு வேறு இனங்கள். ஆன்டிபயாடிக் எடுத்த பெண்களுக்கு லாக்டோபாசிலஸ் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அதில் தொற்று தடுக்கப்படவில்லை.

தென்றல்:
மாத்திரை மட்டும் தடுத்ததா? அவருக்குத்தான் திரும்ப வந்துவிட்டதே!

நிலா:
அதனால்தான் இந்த முறை ஸ்வாப் சோதனை (பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கிருமியைப் பார்ப்பது) வேண்டும் என்கிறேன். கேண்டிடா கிளாப்ராட்டா என்ற வகையாக இருந்தால் புளூகோனசோலுக்கு எளிதில் அடங்காது. பாக்டீரியா தொற்றாகக்கூட இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. என்ன கிருமி என்று தெரியாமல் தயிரா மாத்திரையா என்று நாம் வாதாடி அவருக்கு என்ன பயன்?

மலர்விழி:
இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். எனக்கு நாள் தள்ளிப்போய் பத்து நாள் ஆகிறது.

நிலா:
அப்படியானால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. மிச்ச மாத்திரை வீட்டில் இருந்தாலும் தொடாதீர்கள். கர்ப்பத்தில் வாய்வழி புளூகோனசோலைத் தவிர்த்து, க்ளோட்ரிமசோல் போன்ற மருந்தை 7 நாள் உள்ளே வைக்கத்தான் கொடுப்பார்கள். மூலிகை எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

தென்றல்:
இதில் நானும் நிலா பக்கம்தான். தயிரைச் சாப்பிடுங்கள், அதோடு நிற்கட்டும். மருத்துவரிடம் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அது தெரியவே இரண்டு வருடம் ஆனது.