மாத்திரை போட்டால்தான் பெண்ணா?

கேள்வி (பாளையங்கோட்டை):
அக்காமாரே, ஹார்மோன் தொடங்காத திருநங்கையைப் பார்த்து "நீ இன்னும் பொம்பளை ஆகலட்டி"ன்னு சொல்லுதாவ. மாத்திரையும் ஆபரேஷனும் இருந்தாத்தான் பெண்மையா? மாத்திரை குரலை மாத்துமா?

பதில் 1:
இல்ல தாயி. பாலினத்தை அவரவர் மனசுதான் சொல்லும், அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்குறது சட்டவிரோதம்னு 2014 நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கு) தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2018-ல நம்ம தூத்துக்குடில நடந்த ஒரு திருநங்கை கல்யாணத்தைப் பதிவு பண்ண மறுத்தப்போ, இந்து திருமணச் சட்டத்துல 'மணமகள்'ங்கிற சொல் திருநங்கையையும் குறிக்கும்னு 2019-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பு சொன்னது. அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ள எவ்வளவு இடம் இருக்கு பாரு! கர்ப்பப்பை எடுத்த அம்மாவை யாரும் பொம்பளை இல்லைன்னு சொல்லுறதில்லையே.

பதில் 2:
குரலை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) மாத்தாது. பருவ வயசுல உடைஞ்ச குரலுக்குப் பயிற்சிதான் வழி. தொண்டையை இறுக்கிப் பேசினா கட்டிக்கும். தாடி முடியும் மாத்திரையில போகாது. லேசர் கருமுடிக்குத்தான் பிடிக்கும், நரைக்கு எலக்ட்ராலிசிஸ் (மின்சாரத்தால முடி வேரை அழிக்கிறது). மார்பு வளர்ச்சி 3–6 மாசத்துல தொடங்கும், முழுசாக 2–3 வருஷம் ஆகும்.

சீக்கிரம் மாறணும்ங்கிற அவசரத்துலதான் கருத்தடை மாத்திரையை அள்ளிப் போடுதாவ. போட்டுறாத. அதுல பெரும்பாலும் இருக்குறது எத்தினைல் ஈஸ்ட்ராடயால்ங்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறையுற ஆபத்து கூடுதல். பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் மோசம்.

பதில் 3:
ஸ்பைரோனோலாக்டோன் (ஆண் ஹார்மோனை அடக்குற மாத்திரை) எழுதிக் குடுத்தா ரத்தத்துல பொட்டாசியமும் பாக்கச் சொல்லு, அது ஏறும். முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒருக்க ரத்தப் பரிசோதனை.