சேலம் பக்கம் மனநலத் தெரபிக்குப் போனவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

அடிவாரம்
ஏற்காடு மலைப்பாதையில் பைக் சறுக்கி விழுந்த கதை நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும், அதை விடுகிறேன். கால் எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. எஸ்டேட்டில் கணக்கு வேலை, மேலே போய்த்தான் ஆகணும். 20 கொண்டை ஊசி வளைவையும் நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும் என்பதால் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் அதைத்தான் முதலில் பிடித்தார். "சுற்றிப் போகிற ஒவ்வொரு தடவையும் பயத்துக்குச் சோறு போடுறீங்க."

முதலில் வளைவுகளின் போட்டோ. அப்புறம் பஸ் ஹாரன் சத்தத்தை போனில் போட்டு, கண்ணை மூடிக் கேட்கணும். அப்புறம்தான் காரில் மேலே. மூன்றாம் வளைவு தாண்டி அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினோம். மேலேயிருந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது.

"பயம் பத்துக்கு எவ்வளவு?"
"ஒன்பது."
"கிளம்ப வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். அப்படியே இருங்க."

அடுத்த பஸ்ஸுக்கும் ஒன்பதுதான். அப்புறம் ஏழு. ஒரு கட்டத்தில் "நாலு" என்றேன். பயப்படாதே என்று யாரும் சொல்லாமலே அது இறங்கியதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா
என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். டிப்ரெஷன் என்று தெரிவதற்குள் ஊரே சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டது. தெரபியில் பெரிய பேச்செல்லாம் இல்லை, ஒரு நோட்டு வாங்கி மணிக்கு மணி என்ன செய்தார் என்று எழுதச் சொன்னார்கள். அதைப் பிரித்துப் பார்த்தேன். 7 எழுந்தேன். 8 சும்மா. 9 சும்மா. 10 சும்மா. பக்கம் முழுக்க அதே சொல், அவருடைய அழகான கையெழுத்தில்.

மனசு நன்றாகட்டும், அப்புறம் வேலை செய்யலாம் என்று காத்திருந்தவரிடம், ஒரு சின்ன வேலையை முதலில் செய்யுங்கள், மனசு பின்னாலேயே வரும் என்றார்கள். முதலில் தெருமுனை டீக்கடை வரைக்கும் நடை. பிறகு ஒருநாள், "5 சின்னவளோடு உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோத்தேன்" என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை
அடிவாரம் அண்ணா, உங்களுக்குச் சரியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் நேராகப் போய் நின்றால் பயம் தீரும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு நடந்தது சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே. நான் முதலில் போன ஒருவர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார். சொல்லிவிட்டு வெளியே வந்தால் எந்த பஸ்ஸில் ஏறுவது என்றே தெரியவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது பார்க்கிறவர் பல வாரம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாதம் தரையில் படுகிறதா, அறையில் என்னென்ன தெரிகிறது, இவ்வளவுதான். நான் நிலையாக நின்ற பிறகுதான் இ.எம்.டி.ஆர். ஆரம்பித்தார். பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்கர் 1987இல் உருவாக்கத் தொடங்கிய முறை. அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டு, இடமும் வலமும் போகிற விரலைக் கண்ணால் தொடரணும். நினைவு அழியவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இப்போது மூச்சு நிற்பதில்லை.

அடிவாரம்
அம்மாப்பேட்டை, எனக்கும் எடுத்தவுடன் மலைக்குக் கூட்டிப் போகவில்லை, போட்டோவில்தானே தொடங்கினார்கள். ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் கேட்டது அநியாயம்தான்.

ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி
கேஷுவாலிட்டியில் ராத்திரி நேரம் ஒரு பையன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "சாகப்போறேன் சிஸ்டர்" என்றான். ஈசிஜி நார்மல். "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தான், அந்தப் பார்வை போகவே மாட்டேன் என்கிறது.

அதனால் சொல்கிறேன். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வருகிற கடும் பயம், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானே இறங்கும். ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இதயத்தைப் பரிசோதித்தே ஆகணும், நாமாக முடிவு செய்யக் கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள், இரண்டும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போக வெட்கமே வேண்டாம். போக முடியாதவர்கள் 14416க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தனியாரிடம் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அவர்கள் மாத்திரை எழுத மாட்டார்கள், அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். டிப்ரெஷன் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்கள் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது, அதனால் சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

சூரமங்கலம்
சிஸ்டர், நம்பரைக் குறித்துக்கொண்டேன். செவ்வாய்ப்பேட்டை அக்காவிடம் ஒன்று கேட்கணும். உங்களைக் கூட உட்கார விட்டார்களா? அப்பா தனியாகப் போகவே மாட்டேன் என்கிறார். அம்மா போனதிலிருந்து திண்ணையை விட்டு இறங்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை அக்கா
முதல் தடவை விட்டார்கள் தம்பி. அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள், நான் இருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். அப்பாவிடம் தெரபி, டாக்டர் என்றெல்லாம் இப்போதே சொல்ல வேண்டாம். "தூக்கம் வர மாட்டேங்குதே, கேட்டுட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அது பொய்யும் இல்லை, இவர் அப்படித்தான் வந்தார்.